ஒரு வரிக்கு மூன்று வரி ஓடிய பேனா

தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு கோடைக்காலம். அப்பாவுக்குத் துறைமுகத்தில் வேலை என்பதால் கல்கத்தாவில், டாக்குரியா ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் குடியிருந்தோம். நான் பதினொன்றாம் வகுப்பு. எதிர் ஃப்ளாட்டிலும் ஒரு தமிழ்க் குடும்பம். அந்த வீட்டு அண்ணாவுக்குப் பிறவியிலேயே பார்வை கிடையாது. பவானிபூரில் ஒரு கல்லூரியில் பி.ஏ. வரலாறு படித்துக்கொண்டிருந்தார்.

பரீட்சையில் அவர் பதிலைச் சொல்லச் சொல்ல, கூட உட்கார்ந்து ஒருவர் எழுத வேண்டும். எழுதுபவர் அவரைவிடக் கீழ் வகுப்பில் படிப்பவராக இருக்க வேண்டும் என்பது விதி. முந்தைய வருடம் வருவதாகச் சொன்னவர் வரவேயில்லை. அண்ணா வெறும் தாளோடு மூன்று மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வந்தார். ஒரு வருடம் வீணாயிற்று.

இதைக் கேட்டதும் “நான் வர்றேன்” என்று குதித்தேன். எதற்கும் முதலில் கை தூக்குகிற ஆள் நான். கையெழுத்து நன்றாக இருக்கும், வேகமும் உண்டு. போதாததற்கு அவருடைய வரலாற்று கைடை வாங்கிப் பாதியை மனப்பாடம் செய்துவிட்டேன். அதுதான் வினையாயிற்று.

முதல் பரீட்சை. எங்களுக்கென்று உடைந்த பெஞ்சுகளை அடுக்கி வைத்திருந்த ஓர் அறையைத் திறந்துவிட்டார்கள். மேற்பார்வைக்கு வந்த பெங்காலி ஆசிரியர் வாசலில் நாற்காலி போட்டுப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

ஜமீன்தாரி முறை பற்றி ஒரு கேள்வி. அண்ணா ஆங்கிலத்தில் நிதானமாகச் சொன்னார்: நிலம் யாருடையது என்று கம்பெனி ஜமீன்தாரைக் கேட்டது, உழுதவனைக் கேட்கவில்லை.

எனக்கு அது பரீட்சைப் பதில் மாதிரியே தோன்றவில்லை. கைடில் அந்த இடத்துக்கு நீளமாக, கனமாக ஒரு வாக்கியம் இருந்தது. பாவம், நல்ல மார்க் வரட்டுமே என்று அதை எழுதிவிட்டேன்.

“கடைசியா எழுதினதைப் படி” என்றார்.

நான் எழுதியதைப் படிக்கவில்லை. அவர் சொன்னதையே ஞாபகத்திலிருந்து ஒப்பித்தேன்.

அவர் தலையைச் சாய்த்தார். “நான் ஒரு வரிதானே சொன்னேன்? பேனா மூணு வரி ஓடிச்சே!”

எழுதியிருந்ததைப் படித்தேன்.

“இது கைடு.”

“மார்க் வரும்ணா.”

“யாருக்கு?”

நான் தாளைப் பார்த்துக் குனிந்துகொண்டேன்.

“அடிச்சிடு. நான் சொன்னதை எழுது. இதுக்கு முன்னாடி எங்கெல்லாம் மாத்தினே?”

இன்னும் மூன்று இடங்கள். தமிழில் குசுகுசுப்பதைக் கேட்டு ஆசிரியர் பேப்பரை மடித்துவிட்டு “கீ ஹொலோ?” என்று எழுந்தார். என்ன ஆயிற்று என்று கேட்கிறார். “ஒண்ணுமில்லை சார், தப்பைத் திருத்தறோம்” என்று அண்ணா சிரித்தபடி பெங்காலியில் சொன்னார். ஒவ்வொன்றாகத் தேடி அடித்து, மறுபடி எழுதி முடிப்பதற்குள் அரை மணி நேரம் போயிற்று. கடைசிக் கேள்வி பாதியில் நிற்கும்போது மணி அடித்துவிட்டது.

பஸ்ஸில் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். இந்த வருடத்தையும் நான் கெடுத்துவிட்டேனோ என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். அண்ணாவை விட்டுவிட்டு கண்டக்டர் என்னிடம், “தாதா எங்கே இறங்கணும்?” என்று கேட்டார். பெங்காலியில் தாதா என்றால் அண்ணன். பதில் சொல்ல வாயைத் திறந்தேன், மூடிக்கொண்டேன். அண்ணாவே சொன்னார்: “டாக்குரியா.”

இறங்கும்போது மெல்லக் கேட்டேன். “அடுத்த பரீட்சைக்கு வேற யாரையாவது பார்த்துக்கறீங்களாண்ணா?”

“ஏன், கை வலிக்குதா?”

“இல்ல...”

“அப்போ வியாழக்கிழமை ஒன்பதுக்கே ரெடியா இரு. நல்லா சத்தம் போடற பேனாவா எடுத்துட்டு வா.”

அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. அந்த முதல் பேப்பரில்தான் அவருக்கு மார்க் குறைவு. ஆனால் தேறிவிட்டார், முழுக்கத் தன் பதில்களாலேயே. அடுத்த வருடமும் நான்தான் எழுதினேன்.

இன்றைக்கும் வங்கியிலோ தபால் நிலையத்திலோ யாராவது படிவம் எழுதித் தரச் சொன்னால், எழுதிய ஒவ்வொரு வரியையும் கேட்டவருக்கு உரக்கப் படித்துக் காட்டாமல் நான் பேனாவை மூடுவதில்லை.