பத்தாவது நட்சத்திரம்

அந்தச் சிறுமி ஒரு சனிக்கிழமை எழுந்து வந்து, சுவர் அட்டையில் தன் பெயருக்கு நேரே இருந்த ஒன்பதாவது நட்சத்திரத்தை நகத்தால் உரித்து என் மேசையில் வைத்தாள். அதற்குச் சற்று முன்தான் பக்கத்தில் இருந்தவளின் பின்னலைப் பிடித்து இழுத்திருந்தாள். குழப்படி செய்தால் ஒரு நட்சத்திரம் போகும் என்பது எங்கள் விதி. நான் சொல்லுமுன் தண்டனையைத் தானே நிறைவேற்றிவிட்டாள். முகத்தில் கோபமும் இல்லை, அழுகையும் இல்லை. ஒரு வேலையை முடித்த நிம்மதி இருந்தது. அந்த நிம்மதிதான் எனக்கு விளங்கவில்லை.

நான் கிளிநொச்சியில் ஒரு அலுவலகத்தில் வேலை செய்கிறேன். சனிக்கிழமைகளில் பஸ் பிடித்து, புதுக்குடியிருப்புக்கு அப்பால் ஒரு கிராமத்தின் பொதுநோக்கு மண்டபத்தில் சம்பளமில்லாமல் படிப்பிக்கிறேன். தாய்மார் கச்சான் கடலைத் தோட்டங்களில் கூலிக்குப் போகும் வீட்டுப் பிள்ளைகள். என்னை ரீச்சர் என்பார்கள். நான் ஆசிரியை அல்ல. ஆனாலும் அவர்களைத் திருத்தியதில்லை. மலையகத்திலிருந்து வந்து காடு வெட்டிக் குடியேறிய எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். ரீச்சர் என்ற அந்தச் சொல் எனக்கு இனித்தது. நேரத்துக்கு வந்தால், சண்டை பிடிக்காமல் இருந்தால், சின்னவர்களுக்கு உதவினால் நட்சத்திரம். பத்துச் சேர்ந்தால் கண்ணாடி அலுமாரியில் இருந்து விரும்பிய ஒன்றை எடுக்கலாம். சாமான்களை அனுப்புபவர் கனடாவில் இருக்கும் ஒரு அண்ணா. அவருடைய பெயர் ஒட்டிய பரிசைப் பிடித்தபடி பிள்ளை நிற்கும் படத்தை நான் அவருக்கு அனுப்புவேன்.

அவளுக்கு வேண்டியது தண்ணீர்ச் சாயப் பெட்டி. அதில் சந்தேகமே இல்லை. வகுப்புக்கு அரை மணித்தியாலம் முன்பே வந்து, கண்ணாடியில் மூக்கு முட்ட அதைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். ஒன்பது வரை அவளைப் போல நல்ல பிள்ளை கிடையாது. ஒன்பது வந்ததும் ஏதாவது செய்வாள். ஒரு முறை வாளித் தண்ணீரைக் கவிழ்த்தாள். இன்னொரு முறை ஒரு கெட்ட வார்த்தையை, என் முகத்தைப் பார்த்து, எனக்குக் கேட்டதா என்று உறுதிசெய்துகொண்டு சொன்னாள். மற்றப் பிள்ளைகளுக்கு அது பகிடியாகிவிட்டது. "ரீச்சர், இவளுக்கு ஒன்பது வந்திட்டுது. இண்டைக்கு ஆருக்கோ அடி விழப்போகுது" என்பார்கள்.

பத்து என்றால் பயமா? இன்னும் பெரிய பரிசு வருமென்று காத்திருக்கிறாளா? பஸ்ஸில் வரும்போதெல்லாம் இதையே யோசித்தேன். கேட்டால் தலையைக் குனிந்துகொள்வாள். கடைசியில் அவளுடைய வீட்டுக்கே போனேன்.

தாய் முற்றத்தில் கச்சான் உடைத்துக்கொண்டிருந்தா. குசினிக்குப் பின்னால் ஒரு பெண்கள் சைக்கிள் காற்றுப்போய்ச் சாய்ந்து நின்றது. மூத்த மகளுக்கு யாரோ உதவியாகக் கொடுத்ததாம். தகரக் கதவுக்கு முன்னால் சைக்கிளோடு நிறுத்திப் படம் எடுத்து, தகப்பன் இல்லாத ஏழைப் பிள்ளை என்று எழுதி முகநூலில் போட்டிருக்கிறார்கள். மூத்தவளின் வகுப்பில் எல்லோருடைய கைபேசிக்கும் அது போயிருக்கிறது. அவள் முதலில் சைக்கிளில் போவதை விட்டாள். பிறகு பள்ளிக்கூடத்தை விட்டாள்.

"அதைப் பாத்ததில இருந்து சின்னவள் படத்துக்கு நிக்கமாட்டாள்" என்றா தாய்.

படம் வேண்டாமென்று என்னிடம் சொல்லியிருக்கலாமே என்றேன்.

"படம் போகாட்டி அடுத்த முறை ஒருத்தருக்கும் சாமான் வராதெண்டு நீங்கள்தானே சொன்னனீங்களாம் ரீச்சர்."

சொல்லியிருந்தேன். வரிசையில் ஒழுங்காக நிற்க வைப்பதற்காக, யோசிக்காமல் சொன்னது. என் உயர்தரப் பரீட்சைப் பெறுபேறு வந்தபோது பத்திரிகையில் வந்த படத்தை அப்பா சட்டம் போட்டு முன்சுவரில் மாட்டினார். எழுத்துத் தெரியாத அவர், வருபவர்களுக்கெல்லாம் அதைக் காட்டினார். படம் என்றால் பெருமை என்று மட்டுமே அறிந்து வளர்ந்தவள் நான். எதற்காக எடுக்கிறார்கள் என்பதைப் பொறுத்து ஒரு படம் ஒரு பிள்ளையின் படிப்பையே நிறுத்தும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

அடுத்த சனிக்கிழமை, இனி யாரையும் படம் எடுப்பதில்லை என்று வகுப்பில் சொன்னேன். அவள் உடனே நம்பவில்லை. இரண்டு கிழமை என்னைக் கவனித்தாள். மூன்றாம் கிழமை குழப்படி எதுவும் செய்யாமல் பத்தாவது நட்சத்திரத்தை வாங்கினாள். நான் அலுமாரியைத் திறந்து சாயப் பெட்டியை எடுத்தேன். அவள் கை நீட்டவில்லை.

"அப்ப கனடாவுக்கு என்ன அனுப்புவீங்கள்?"

தெரியாது என்றேன். மற்றப் பிள்ளைகளை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். பிறகு என் கைபேசியைக் கேட்டாள்.

"நான் எடுக்கிறன். நீங்கள் பிடிச்சுக்கொண்டு நில்லுங்கோ."

பெட்டியை நெஞ்சுக்கு நேரே பிடித்தபடி சுவரோடு நின்றேன். "கொஞ்சம் மேல பிடியுங்கோ. பேர் தெரியவேணும். சிரியுங்கோ" என்றாள். சொல்லுக்குச் சொல் நான் மாதாமாதம் சொல்வதுதான். பிள்ளைகள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கண்ணை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. சிரிப்பு வரவில்லை. படம் எடுத்து முடித்ததும் கைபேசியைத் தந்துவிட்டு, பெட்டியை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு போய்த் தன் இடத்தில் இருந்தாள்.

அந்தப் படத்தைத்தான் அனுப்பினேன். அன்று பின்னேரமே கனடாவில் இருந்து கேள்வி வந்தது: "தங்கச்சி, பிள்ளை எங்கை?"

பஸ்ஸில் இருந்தபடி பதில் எழுதினேன். "படம் எடுத்தது பிள்ளைதான் அண்ணா."