மங்கலம் அத்தையின் தாழ்மைக் காலம்

மங்கலம் அத்தை ஓர் அறைக்குள் நுழைந்தால் உள்ளே உட்கார்ந்திருப்பவர்கள் எழுந்துவிடுவார்கள். மரியாதை பாதிதான் காரணம். உட்கார்ந்தே இருந்தால் ஏதாவது வேலை வந்து தலையில் விழும் என்ற பயம் மீதி. மஞ்சக்குப்பத்தில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் தலைமை ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். ஓய்வு என்பது சம்பளத்துக்கு மட்டும்தான்; அதட்டல் அப்படியே இருந்தது. எங்கள் கிறிஸ்தவ சபையின் மாதர் சங்கத்துக்கும் அவள்தான் தலைவி. தேர்தல் வருஷா வருஷம் முறையாக நடக்கும். வேறு யாராவது நிற்கிறீர்களா என்று அத்தையே எழுந்து கேட்பாள். அவள் கேட்கிற விதத்தில் உட்கார்ந்திருப்பவர்கள்கூட இன்னும் கொஞ்சம் தாழ உட்காருவார்களே தவிர யாரும் நிற்க மாட்டார்கள்.

அவள் என் அப்பாவின் அக்காள். கப்பலும் ரயிலுமாகப் பல ஊர் சுற்றிவிட்டு, அறுபத்தாறாம் வருஷம் ஈஸ்டருக்கு முந்தின லெந்து நாட்களில் ஒரு டிரங்குப் பெட்டியோடு நான் அவள் வீட்டில் வந்து இறங்கினேன். ஒரு வாரத்தில் கிளம்பிவிடும் எண்ணம்தான். ஆனால் அத்தை அடுத்து என்ன செய்வாள் என்று பார்க்காமல் ரயிலேற எனக்கு மனம் வரவில்லை.

எல்லாம் சிதம்பரத்தில் ஆரம்பித்தது. மாதர் சங்கத் தலைவிகளுக்கு அங்கே ஒரு தியானக் கூட்டம் போட்டிருந்தார்கள். அத்தை என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். பேச வந்திருந்தவர் ஒல்லியான, குரல் எழும்பாத ஒரு போதகர். ஆண்டவர் பந்தியிலிருந்து எழுந்து, இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு, மீன் பிடிக்கிற சீடர்களின் காலைக் கழுவினாரே, அதைப் பற்றித்தான் பேசினார். முன்னால் நிற்க ஆசைப்படுகிறவர்கள் முதலில் குனியப் பழக வேண்டும் என்றார். அறை முழுக்கத் தலைவிகள். எல்லோரும் பக்கத்தில் இருந்தவளைப் பார்த்தார்கள். அத்தை மட்டும் தன் மடியைப் பார்த்தாள். அவள் கண் கலங்கியிருந்தது. "இத்தன வருஷம் தப்பாவே நடத்திட்டேன்டி" என்றாள் என் காதருகில்.

அந்த அழுகை உண்மையானது. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. சிக்கல் வேறு இடத்தில் இருந்தது. அத்தை எந்தக் காரியத்தை எடுத்தாலும் தலைமை ஆசிரியையாகவே எடுப்பாள். தாழ்மையையும் அப்படித்தான் எடுத்துக்கொண்டாள்.

திரும்பி வருகிற ரயிலிலேயே வேலை தொடங்கிவிட்டது. எதிரே ஷரீபா என்று ஒரு முஸ்லிம் அம்மா கைக்குழந்தையோடு உட்கார்ந்திருந்தார். அத்தை தன் ஜன்னலோர இடத்தை அவருக்குக் கொடுத்தாள். அவர் வேண்டாம் என்றதையும் மீறிக் கொடுத்தாள். பரங்கிப்பேட்டையில் வண்டி நின்றதும், இந்த அம்மா இறங்குகிற ஊர் இதுவாகத்தான் இருக்கும் என்று தானாகவே முடிவு கட்டி, அவருடைய கூடையைத் தூக்கிக்கொண்டு பிளாட்பாரத்தில் இறங்கி, ஒரு பெஞ்சின் மேல் பத்திரமாக வைத்துவிட்டுத் திரும்பினாள். ஷரீபாவோ இடத்தை விட்டு அசையவில்லை. வண்டி நகர ஆரம்பித்தது. ஒரு போர்ட்டர் ஓடிவந்து கூடையை ஜன்னல் வழியாகத் திணித்தார். உள்ளே இருந்த முட்டைகளில் பாதி போய்விட்டன.

"எங்க வூடு திருப்பாதிரிப்புலியூர்ல இருக்கும்மா" என்றார் ஷரீபா, கூடையைத் துடைத்தபடி. "எறக்கறதுக்கு முன்னாடி ஒரு வார்த்த கேக்கக் கூடாதா?"

அத்தை மன்னிப்புக் கேட்டாள். அதோடு நிற்காமல், ஊர் வந்ததும் அந்தக் கூடையைத் தானே தூக்கி வருவதாகவும் சொன்னாள். ஷரீபா கூடையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். கடைசிவரை விடவில்லை.

வீட்டில் தேவசகாயம் மாமா இருந்தார். வக்கீல் குமாஸ்தா. எதிர்த்துப் பேசுவதற்குச் சம்பளம் வாங்குகிறவரிடம் வேலை பார்த்ததாலோ என்னவோ, வீட்டில் அவர் எதையும் எதிர்த்ததில்லை. மறுநாள் சாயங்காலம் கோர்ட்டிலிருந்து வந்தவரை அத்தை செம்பும் துண்டுமாக வாசலிலேயே நிறுத்திக் காலைக் கழுவினாள். கழுவிக்கொண்டே, நகம் வெட்டி எத்தனை நாளாகிறது, இந்தச் செருப்பை ஏன் இன்னும் மாட்டிக்கொண்டு திரிகிறீர்கள், குதிகாலை இப்படியா வைத்திருப்பார்கள் என்று விசாரித்தாள். தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். அந்த வாரம் முழுவதும் மாமா பின்பக்கத்துச் சந்து வழியாக வீட்டுக்கு வந்தார். அத்தைக்கு அது தெரிந்ததும் செம்பு பின்பக்கத்துக்குப் போயிற்று.

சங்கத்தின் செயலாளர் புஷ்பவள்ளி பாடு அதைவிட மோசம். விடியற்காலையில் வாசல் பெருக்குகிற சத்தம் கேட்டுக் கதவைத் திறந்தால், சங்கத் தலைவி துடைப்பத்தோடு நிற்கிறாள். மூன்று நாள் இது நடந்தது. புருஷன் பெண்டாட்டி இரண்டு பேருக்கும் உடம்பு முடியவில்லையா என்று அண்டை வீட்டார் கஞ்சியோடு வந்து விசாரித்தார்களாம். புஷ்பவள்ளி இருட்டோடு எழுந்து தானே பெருக்கிவிட்டுப் படுக்க ஆரம்பித்தாள். அத்தை அதையும் தன் ஊழியத்தின் பலனாகவே எடுத்துக்கொண்டாள்.

இதற்கெல்லாம் மேலே, ஆண்டவர் அப்படிக் காலைக் கழுவிய நாளான பெரிய வியாழன் வந்தது. அன்று மாலை சங்கத்துப் பெண்கள் எல்லோருடைய காலையும் தானே கழுவப்போவதாக அத்தை அறிவித்தாள். வராதவர்களின் பெயர் ஞாயிற்றுக்கிழமை வாசிக்கப்படும் என்றும் சேர்த்துச் சொன்னாள்.

செய்தி பரவியதும் மஞ்சக்குப்பம் முழுவதும் பெண்கள் காலைத் தேய்க்க ஆரம்பித்தார்கள். டீச்சர் கண்ணில் வெடித்த குதிகால் படலாமா? வெந்நீரில் ஊறவைத்தார்கள், பீர்க்கங்காய் நாரால் தேய்த்தார்கள், தேங்காயெண்ணெய் தடவினார்கள். வியாழக்கிழமை சபைக் கோயிலுக்கு வரும்போது மண் படாமல் இருக்க ஜட்கா வண்டி வைத்துக்கொண்டு வந்தவர்களும் உண்டு. ஆக, அன்றைக்கு அத்தை கழுவியதெல்லாம் கழுவின கால்கள்.

ஆனாலும் அவள் முட்டி போட்டபோது கோயில் அமைதியாகிவிட்டது. அத்தைக்கு முழங்கால் வலி உண்டு. குனியும்போது முகம் சுருங்கியது. ஒவ்வொரு காலாக நிதானமாகக் கழுவித் துடைத்தாள். நகத்தைப் பற்றிக்கூட ஒரு வார்த்தை பேசவில்லை.  

சுத்தம் விஷயத்தில் மட்டும் அத்தை விட்டுக்கொடுக்கவில்லை. ஒருத்தி காலைக் கழுவிய தண்ணீரில் இன்னொருத்தி கால் படக் கூடாது. ஒவ்வொருத்திக்கும் புதுத் தண்ணீர். கோயிலுக்குப் பின்னால் இருந்த கிணற்றிலிருந்து அதை மொண்டு வந்தவள் பட்டம்மாள். கோயிலைப் பெருக்கி மெழுகி, மணியடித்து, விளக்குத் துடைத்து, அத்தை தலைவியாவதற்கு முன்பிருந்தே அங்கே இருப்பவள். குள்ளமான உருவம், கணீரென்ற குரல். அன்றைக்குப் புடவையைச் செருகிக்கொண்டு வாளியும் கையுமாக அவள் போய் வந்துகொண்டே இருந்தாள். யாரும் அவளைக் கவனிக்கவில்லை.

எல்லோரும் முடிந்த பிறகு அத்தை நிமிர்ந்தாள். "பட்டம்மா, நீயும் வந்து ஒக்காரு" என்றாள். குரல் நெகிழ்ந்திருந்தது.

பட்டம்மாள் வாளியைக் கீழே வைத்தாள். அவள் காலில்தான் அன்றைக்கு உண்மையான சேறு இருந்தது. "வேணாம் டீச்சரம்மா."

அத்தையின் முகம் மலர்ந்தது. ஆண்டவர் காலைக் கழுவ வந்தபோது பேதுருவும் இப்படித்தான் முதலில் மறுத்தான் என்று எல்லோருக்கும் எடுத்துச் சொல்லிவிட்டு, மறுபடி அழைத்தாள்.

"பேதுருவும் இல்ல, ஒருத்தரும் இல்ல" என்றாள் பட்டம்மாள். "இத்தினி தண்ணியும் நாந்தான மொண்டாந்தேன். இப்ப நீங்க என் காலக் கழுவணும்னா அதுக்கும் நாந்தான போயி மொள்ளணும்?"

பின்வரிசையில் யாரோ சிரித்து, இருமலாக்கப் பார்த்தார்கள். பட்டம்மாள் நிறுத்தவில்லை. ஈஸ்டர் வரைக்கும் வேலையை முடித்துக் கொடுத்துவிட்டு, திங்கட்கிழமை ரயிலில் சிதம்பரம் போகப்போவதாகச் சொன்னாள். அங்கே அவள் அக்காள் மகள் ஒரு ஆஸ்டலில் வேலை பார்க்கிறாளாம். "அங்க கொழாயத் தொறந்தா தண்ணி வருதாம்" என்று சொல்லிவிட்டு, கழுவிய தண்ணீர் கொட்டிக் கிடந்த தரையைத் துடைக்க உட்கார்ந்துவிட்டாள்.

அன்றைக்கும் மறுநாளும் அத்தை சரியாகச் சாப்பிடவில்லை. பெரிய வெள்ளி என்பதால் உபவாசம் என்று நினைத்தவர்கள் உண்டு. மாமாவுக்கும் எனக்கும் உண்மைக் காரணம் தெரியும். வாழ்க்கையில் முதல் தடவையாகச் சங்கத்தின் முன்னால் முட்டி போட்டாள்; அதற்குப் பலன், ஒருத்தி ஊரைவிட்டே கிளம்புகிறாள். பட்டம்மாள் போய்விட்டால் தான் குனிந்ததெல்லாம் வெறும் நாடகம் என்று ஆகிவிடும் என்பது அவள் மனதில் ஏறி உட்கார்ந்துவிட்டது. எப்படியாவது அவளை நிறுத்த வேண்டும்.

சனிக்கிழமை ஈஸ்டருக்காகக் கோயிலைக் கழுவுகிற நாள். காலையில் அத்தை எனக்கு முன்னால் கிணற்றடிக்குப் போய்விட்டாள். நான் போனபோது வாளியைக் கயிற்றில் கட்டி உள்ளே விட்டுக்கொண்டிருந்தாள். பட்டம்மாள் பூவரச மரத்தடியில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தாள். தடுக்கவும் இல்லை, எழவும் இல்லை.

கிணற்று ராட்டினத்தின் அச்சு தேய்ந்து போயிருந்தது. பாதி இழுப்பில் கயிறு சக்கரத்தை விட்டு நழுவி இடுக்கில் மாட்டிக்கொள்ளும். ஒரு கையால் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, எம்பி, மறு கையால் அதை எடுத்துச் சக்கரத்தில் போட வேண்டும். அத்தை எம்பினாள். கயிறு கையை அறுத்துக்கொண்டு ஓடியது. வாளி கயிற்றோடு கிணற்றுக்குள் போயிற்று. இன்னொரு கயிறும் வாளியும் எடுத்தாள். அதுவும் போயிற்று.

"மூணாவது பக்கெட்டு பாஸ்டர் ஐயா வூட்டுது" என்றாள் பட்டம்மாள். "பாத்து."

அத்தை கிணற்றுக் கட்டையில் உட்கார்ந்தாள். உள்ளங்கை இரண்டும் சிவந்திருந்தன.  பிறகு என்னைப் பார்த்து, "ரயில்ல அந்த அம்மா என்னடி சொன்னாங்க?" என்றாள்.

"ஒரு வார்த்த கேக்கக் கூடாதான்னு கேட்டாங்க."

அத்தை பட்டம்மாள் பக்கம் திரும்பினாள். "ஒனக்கு என்ன வேணும்?"

"கேக்கறீங்களா, இல்ல அதட்டறீங்களா?"

அத்தை சற்று யோசித்தாள். "கேக்கறேன்."

பட்டம்மாள் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தாள். "ராட்டினம் வேணும். போன வருஷம் சங்கத்துல ஜன்னலாண்ட நின்னு சொன்னேன். தலைமை உரை முடியட்டும்னீங்க. முடியறப்ப எல்லாரும் வூட்டுக்குப் போயிட்டாங்க. கிறிஸ்மஸ் முன்னாடியும் சொன்னேன். அன்னிக்கும் உரை ஜாஸ்தி."

அத்தை எழுந்தாள். செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். நானும் ஓடினேன். திருப்பாதிரிப்புலியூர்க் கடைத்தெருவில் இரும்பு ராட்டினம் ஒன்றும் புதுக் கயிறும் வாங்கினோம். திரும்பும்போது ஒரு ஜட்காவும் அகப்படவில்லை. அத்தை ராட்டினத்தைக் குழந்தை மாதிரி இடுப்பில் வைத்துக்கொண்டு கெடிலம் பாலத்தைக் கடந்தாள். நல்ல வெயில். எதிரே வந்தவர்களில் பாதிப் பேர் அவளிடம் படித்தவர்கள். என்ன டீச்சர் இது என்று ஒவ்வொருத்தியாக நின்று கேட்டார்கள். முந்தின வாரமாக இருந்தால் பாலத்தின் மேலேயே தாழ்மையைப் பற்றி ஒரு பிரசங்கம் நடந்திருக்கும். அன்றைக்கு "ராட்டினம்" என்று மட்டும் சொல்லிவிட்டு நடந்தாள்.

மாட்டுவதற்குக் கொல்லர் சடையப்பன் வந்தார். அத்தை வாயைத் திறந்தாள். எந்த இடத்தில், எப்படி என்று சொல்லத்தான் திறந்திருப்பாள். திறந்த வாயோடு பட்டம்மாளிடம் திரும்பி, "எவ்ளோ ஒயரத்துல இருக்கணும்?" என்றாள். பட்டம்மாள் கையைத் தூக்கிக் காட்டினாள். பழையது அதைவிட ஒரு முழம் மேலே இருந்தது. இத்தனை வருஷமும் அவள் நுனிக்காலில் நின்று இழுத்திருக்கிறாள்.

சடையப்பன் பாதாளக் கரண்டியை விட்டு, விழுந்த வாளிகளையும் கயிறுகளையும் துழாவி எடுத்துக் கொடுத்தார். அப்புறம் பட்டம்மாள் இறைக்க, அத்தையும் நானும் சுமந்தோம். அத்தை தரையில் தண்ணீரைக் கொட்டிய வேகத்தைப் பார்த்து, "ஊத்தாதீங்கம்மா, தெளிங்க" என்றாள் பட்டம்மாள். "சரி" என்றாள் அத்தை. அந்தச் சொல்லை அவள் வாயிலிருந்து அதற்கு முன் நான் கேட்டதில்லை.

அன்று சாயங்காலம் வீட்டில் மாமாவிடமும் அதே கேள்வியைக் கேட்டாள். உங்களுக்கு என்ன வேணும்? மாமா வெகுநேரம் யோசித்தார். கல்யாணமான நாளிலிருந்து இந்தக் கேள்விக்கு அவர் தயாராகவே இல்லை. கடைசியில், "முன்வாசல் வழியா வூட்டுக்கு வரணும்" என்றார்.

ஈஸ்டர் அன்று விடிகாலை ஆராதனையில் அத்தையின் முன்வரிசை இடம் காலியாக இருந்தது. கடைசி வாளியை வைத்துவிட்டுப் புடவைக் கரை நனைந்தபடி வந்தவள், கதவோரம் பட்டம்மாள் உட்கார்ந்திருந்த பாயில், கிடைத்த இடத்தில் உட்கார்ந்தாள்.

இதெல்லாம் நடந்தும் பட்டம்மாள் போகப்போவதில்லை என்று சொல்லவில்லை. அத்தையும் போகாதே என்று சொல்லவில்லை. அப்படிச் சொன்னால் அது கட்டளை மாதிரி இருக்கும் என்று என்னிடம் மட்டும் சொன்னாள். திங்கட்கிழமை காலையில் இருவரும் கோயிலுக்குப் போனோம். பட்டம்மாள் கிணற்றடியில் கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தாள்.

அத்தை கொஞ்சம் தள்ளியே நின்றாள். "ரயிலுக்கு நேரமாச்சே. மூட்ட இருந்தா தூக்கியாரட்டுமா?"

"மூட்டய எங்க கட்டனேன்?" பட்டம்மாள் திரும்பவில்லை. "புதுக் கயிறு, கையில நிக்க மாட்டேங்குது. ரெண்டு மூணு மாசம் இழுத்தாத்தான் வழிக்கு வரும். நான் போனா எவளாவது வந்து அறுத்துப் போட்டுடுவா. எங்க அக்கா பொண்ணுக்கு வரலன்னு சொல்லி அனுப்பிச்சிட்டேன்."

 தலைமை உரைக்கு நல்ல சந்தர்ப்பம்; அத்தை அதை விட்டுவிட்டுக் கிட்டே வந்தாள். பட்டம்மாள்தான் மறுபடி பேசினாள்.

"அடுத்த வருஷமும் காலு கழுவுவீங்களா?"

"ஒனக்கு வேணுமா?"

"பாக்கலாம்" என்றாள் பட்டம்மாள். "தண்ணி யாரு மொள்றதுன்னு மொதல்ல பேசிக்குவோம்." சுருட்டிய கயிற்றின் ஒரு முனையை அத்தையின் கையில் கொடுத்து, இறுக்கிப் பிடிக்கச் சொன்னாள்.