மாமரம் இல்லாத அப்பாவின் மாம்பழம்

எங்கள் வீட்டில் ஒரு மாமரம்கூட இல்லை. மாம்பழத்துக்குப் பேர்போன முதலமடையில் இருந்துகொண்டு இப்படிச் சொல்லக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது. அப்பா தென்னை ஆள். ஆனாலும் போன சீசனில் ஒரு சனிக்கிழமை, காலையிலிருந்து சாயங்காலம் வரை, அவர் பெரிய மாம்பழ விவசாயியாக இருந்தார். அதற்குக் காரணம் நான் எழுதிய ஒரு வரி.

நான் வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் ப்ரோகிராமர். இங்கே மாந்தோப்பு பார்ப்பவர்கள் சேர்ந்து ஒரு சங்கம் வைத்திருக்கிறார்கள். பழப் பெட்டிகளுக்கு ஒரு வெப்சைட் செய்து தரச் சொன்னார்கள். பெட்டியில் ஒட்டியிருக்கும் கியூஆர் கோடைப் போனில் பார்த்தால் அந்தப் பெட்டிக்கான பக்கம் திறக்கும்: என்ன ரகம், என்றைக்குப் பறித்தது, யாருடையது. இந்த விவரங்களைக் காட்டும் சின்ன அட்டையைத்தான் நாங்கள் கம்போனன்ட் என்போம். ஒரு தடவை எழுதினால் எல்லாப் பெட்டிக்கும் அதுவே வரும். பெட்டிக்குப் பெட்டி மாறுகிற விவரங்கள் அதன் ப்ராப்பர்ட்டிகள். அவற்றை முதலிலேயே அறிவித்துவிட வேண்டும்: பெயர் என்ன, எழுத்தா எண்ணா, கட்டாயமா இல்லையா, பெட்டியை அனுப்புபவர் எதையும் நிரப்பாவிட்டால் எதைக் காட்டுவது.

இந்தக் கடைசி இடத்தில்தான் சறுக்கினேன். 'உரிமையாளர்' என்று ஒரு ப்ராப்பர்ட்டி வைத்தேன். சோதித்துப் பார்க்க ஏதாவது போட வேண்டுமே என்று, பக்கத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த அப்பாவின் பெயரையும் போன் நம்பரையும் போட்டேன். பிறகு எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டேன். இந்தத் தொழிலில் 'பிறகு' என்று சொல்கிற யாரையும் நான் நம்ப மாட்டேன், என்னைத் தவிர.

அந்தச் சனிக்கிழமை காலையில் அப்பாவுக்குப் போன் வந்தது. கோயம்புத்தூரில் பழக்கடை வைத்திருப்பவர்.

"ஏனுங்க, உங்க பங்கனப்பள்ளி தேனாட்ட இருக்குதுங்க. எப்படிங்க வளத்தறீங்க?"

அப்பா ஒரு நொடிதான் யோசித்தார். "எல்லாம் நம்ம மண்ணு வாகுங்க," என்றார்.

"நாலு மணிக்கு வர்றனுங்க. தோப்பைப் பாத்துப்போட்டு, சீசன் முச்சூடும் உங்ககிட்டயே எடுத்துக்கலாம்னு இருக்கறன்."

"வாங்க வாங்க, ஊட்டுக்கே வாங்க!"

போனை வைத்துவிட்டு இதை அம்மாவிடமும் என்னிடமும் அவர் நடித்தே காட்டினார். வயிறு வலிக்கச் சிரித்தேன். சிரித்துக்கொண்டே கம்ப்யூட்டரைத் திறந்து, அது யார் பெட்டி என்று பார்த்தேன். சிரிப்பு நின்றுவிட்டது.

வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் ஒரு தோப்பைப் பாட்டத்துக்கு, அதாவது குத்தகைக்கு, எடுத்திருக்கும் ஒரு அக்காவின் பெட்டிகள் அவை. பல வருடம் பிறர் கொட்டகைகளில் பழம் அடுக்கியவர், முதல் தடவையாகத் தனியாகத் தோப்பு எடுத்திருந்தார். உடனே அவருக்குப் போன் செய்து, உரிமையாளர் என்ற இடத்தை ஏன் நிரப்பவில்லை என்று கேட்டேன்.

"தோப்பு என்னுது இல்லையே அம்மிணி? பொய் எழுதப்படாதுன்னு சும்மா உட்டுட்டன்."

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. இங்கே பாதித் தோப்புகள் பாட்டத்தில்தான் நடக்கின்றன. நிலத்துக்காரர் எங்கோ இருப்பார். மரம் பூ விடுவதிலிருந்து மருந்தடித்து, காவல் காத்து, பறிப்பது வரை எல்லாம் பாட்டக்காரர் பாடு. இது எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். கீபோர்டில் கை வைத்ததும் மறந்துபோயிருக்கிறேன்.

பழக்கடைக்காரர் வருவதைச் சொன்னேன். அக்கா மெதுவாகச் சொன்னார்: "நிலையா ஒரு வியாபாரியக் காட்டினாத்தான் அடுத்த வருசமும் தோப்பு உனக்குன்னு நிலத்துக்காரரு சொல்லியிருக்கறாரு. இல்லீன்னா வேற ஆளுக்குப் போயிரும்."

உட்கார்ந்தேன். அப்பாவின் பெயரையும் நம்பரையும் தூக்கினேன். 'உரிமையாளர்' என்பதை 'வளர்த்தவர்' என்று மாற்றி, கட்டாயம் என்று அறிவித்தேன். இனி அதை நிரப்பாமல் எந்தப் பக்கமும் திறக்காது. அக்காவின் பெயரையும் நம்பரையும் ஏற்றினேன். மாற்றிவிட்டோம் என்ற மிதப்பில் அந்தப் பக்கத்தின் சுட்டியைப் பழக்கடைக்காரருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். சுட்டிக்கு மேலே வரும் சின்னக் கட்டத்தில், கொட்டை எழுத்தில், அப்பாவின் பெயர்! பழக்கடைக்காரர் கட்டைவிரலை உயர்த்திக் காட்டும் படத்தைப் பதிலாக அனுப்பி, 'கிளம்பிட்டேன்' என்றார்.

என் தலையில் நானே ஒரு குட்டு வைத்துக்கொண்டேன். அந்தக் கட்டம் அட்டையைப் பார்த்து வருவதில்லை. பக்கத்தைப் பற்றிய தகவலைப் பக்கத்துக்குள்ளேயே கண்ணுக்குத் தெரியாமல் தனியாக எழுதிவைப்போம். அதுதான் மெட்டாடேட்டா. சோதனையின்போது அதிலும் அப்பாவைக் கையாலேயே எழுதி வைத்திருந்தேன். இந்தத் தடவை பெயரை எழுதவில்லை. வளர்த்தவர் யாரோ, அவர் பெயரை அந்த ப்ராப்பர்ட்டியிலிருந்தே எடுத்துக்கொள் என்று எழுதினேன்.

இதற்குள் அப்பாவுக்கு வேர்க்க ஆரம்பித்திருந்தது. "ஏங்கண்ணு, வர்ற மனுசனுக்கு நான் என்னத்தைக் காட்டறது? தென்னை மரத்தையா?"

"தேன் மாதிரி இருக்குன்னப்ப இனிச்சுதில்ல?" என்றார் அம்மா.

நாலு மணிக்கு வந்தவரை அப்பா காப்பிக்குக்கூட உட்கார விடவில்லை. ஸ்கூட்டரில் முன்னால் போய் அக்காவின் தோப்புக்கு வழிகாட்டினார். அம்மாவின் வண்டியில் நானும் தொற்றிக்கொண்டேன். அக்கா துவைத்து மடித்த சேலையில் நின்றிருந்தார். யாரும் யாரையும் அறிமுகம் செய்யவில்லை. செய்ய வேண்டிய அப்பாவுக்கு எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை. அக்கா ஒரு பழத்தை அறுத்துத் துண்டை நீட்டினார். பழக்கடைக்காரர் தின்றார், கண்ணை மூடினார், இன்னொரு துண்டு கேட்டார். பிறகு அங்கிருந்த பெட்டியின் கியூஆர் கோடைப் போனில் பார்த்து, வந்த பெயரை இனிஷியலோடு சத்தமாகப் படித்தார்.

"இதாருங்க இது? காலைல வேற பேரில்ல இருந்துச்சு?"

அப்பா தோப்பின் கடைசி மரத்தை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் செய்த தவறைச் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அக்கா கத்தியைப் பெட்டிமேல் வைத்துவிட்டு, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு ஓரடி முன்னால் வந்தார்.

"நாந்தானுங்க."

பழக்கடைக்காரர் அப்பாவைப் பார்த்தார், மரங்களைப் பார்த்தார், அக்காவின் கைகளைப் பார்த்தார். அந்தக் கைகளில் மாம்பால் பட்ட கறுப்புத் தழும்புகள் இருந்தன.

"அப்பச் சரிங்க. சீசன் முடியற வரைக்கும் பெட்டி எனக்கே வரோணும். அடுத்த வருசமும்," என்றார். அப்பாவைப் பார்க்காமல், அக்காவைப் பார்த்தே சொன்னார்.