கத்திக்கு விட்ட இடம்

அச்சகத்தில் பல வருடங்களாகக் காகிதம் வெட்டியவள் அவள். அந்த வேலைக்குத் தானியங்கி இயந்திரம் வந்ததும் முதலாளி அவளைக் கணினி முன் உட்காரவைத்தார். முதல் வேலை, ஒரு பல் மருத்துவருக்கு விளம்பரத் தாள் வடிவமைப்பது. மருத்துவருக்குப் பிடித்தால் வேலை நிலைக்கும், இல்லையென்றால் நின்றுகொள்ள வேண்டியதுதான் என்று சொல்லிவிட்டார்.

பக்கத்து இருக்கையில் அவளுடைய நாத்தனார். அச்சகத்தின் வடிவமைப்பாளர். நாத்தனார் எட்டிப் பார்த்தாள்.

"என்ன அண்ணி, எழுத்தெல்லாம் மழைக்கு ஒதுங்கின மாதிரி நடுவுல ஒண்டிக்கிட்டு நிக்குது?"

"ஓரத்துல வெச்சா கத்தி வெட்டிடுமே."

"அதுக்கு இவ்வளவு இடமா? ஒரு விரல் அகலம் விட்டாலே தாராளம். எழுத்தைப் பெருசு பண்ணுங்க."

அவள் எழுத்துகளை ஓரத்துக்கு இழுத்தாள். கத்திக்குப் பயந்த பழக்கதோஷத்தில் இடது கையை மேசைக்கடியில் பத்திரமாக வைத்துக்கொண்டாள்.

மாலையில் வந்த மருத்துவர் திரையை வெகுநேரம் பார்த்தார்.

"இந்தப் பச்சை கண்ணைக் குத்துது. போன் நம்பரும் இன்னும் நல்லாத் தெரியணும்."

அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்தாள்.

"எங்க கிளம்பிட்டீங்க?" என்றாள் நாத்தனார்.

"அதான் பிடிக்கலைன்னுட்டாரே."

"பிடிக்காதவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருவாரா? திருத்திக் குடுங்க அண்ணி, மனுஷன் காத்திருக்கார்."

மருத்துவர் அவள் இருக்கைக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். அவள் பச்சையைக் குறைத்தாள், எண்ணைப் பெரிதாக்கினாள். பை இன்னும் தோளில்தான் இருந்தது.

"போதும்மா, இப்படியே அச்சடிச்சிருங்க" என்று அவர் சொன்ன பிறகுதான் பையை இறக்கிவைத்தாள்.