ஆடியில் செய்யாத கிளிக்

தேவாரத்திலிருந்து தினமும் போடிக்கு பஸ்ஸில் வந்து, ஏலக்காய்க் கம்பெனியில் கம்ப்யூட்டர் வேலை பார்த்தவள் முனீஸ்வரி. நான் அங்கே பேக்கிங் பிரிவு. எதையும் மறக்காதவள் என்று அவளுக்கு ஒரு பெயர் இருந்தது. அந்தப் பெயரைத்தான் பறித்தார்கள்.

வெளிநாட்டு ஆர்டரெல்லாம் கம்பெனியின் வெப்சைட்டில் வரும். அது நம்பகமானது என்று காட்டும் சான்றிதழை வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். தவறினால், திறப்பவர்களிடம் ‘இதை நம்பாதே’ என்று கம்ப்யூட்டரே எச்சரிக்கும். 2008 வரை முனீஸ்வரியே நாள் பார்த்துப் புதுப்பித்தாள். 2009இல் அதற்கு ஒரு புரோகிராம் எழுதினாள். கெடு முடியப் பதினைந்து நாள் இருக்கும்போது அது தானாக விண்ணப்பம் போடும். சம்மதம் கேட்டு மெயில் வரும். அதில் ஒரு கிளிக், அவ்வளவுதான் வேலை.

அந்த மெயிலை முதலாளி சுந்தரலிங்கத்துக்குப் போகும்படி வைத்தாள். அவர் அமுக்கினால்தான் செல்லும். அவள் அப்பா இறந்தபோது முதல் ஆளாக வந்து நின்றவர் அவர். “மொதலாளி கையால நடக்கட்டும்க்கா” என்றாள் என்னிடம். அந்த மரியாதைதான் வினையாகிப்போனது.

முதல் மெயில் அந்த வருடம் ஆடி ஐந்தாம் தேதி வந்தது.

“ஆடியில புதுசா எதையும் தொட மாட்டேன் ஆத்தா. ஆவணி பொறக்கட்டும்” என்றார்.

“புதுசு இல்ல அய்யா, பழசத்தான் நீட்டிக்கிறோம். இருபதாந்தேதியோட கெடு முடிஞ்சிரும்.”

“பாத்துக்கிருவோம்.”

தினமும் போய் ஞாபகப்படுத்தினாள். அவர் அசையவில்லை. ஆடி இருபதில் சான்றிதழ் செத்தது. ஆர்டர்கள் நின்றன. ஒரு வாரத்தில், எங்கள் சரக்கைக் கப்பலேற்றும் கொச்சி வியாபாரி நேரிலேயே வந்து சத்தம் போட்டார். எல்லோர் முன்னாலும் சுந்தரலிங்கம் முனீஸ்வரியைக் கைகாட்டினார்.

“இந்தப் புள்ள மறந்துபோச்சு. நம்பிக் குடுத்தேன், இப்படிப் பண்ணிருச்சு.”

தினமும் அவள் போய் நின்றதைப் பார்த்தவள் நான். நானும் வாய் திறக்கவில்லை.

“அய்யா, நீங்கதான ஆவணின்னு…” என்று ஆரம்பித்தாள்.

“பெரியவுக பேசும்போது குறுக்க வராத.”

அவள் கண்ணீர்கூட விடாமல் பையை எடுத்துக்கொண்டு போனாள். ஆவணி முதல் தேதிதான் முதலாளி அந்தக் கிளிக்கைச் செய்தார்; சான்றிதழுக்கு மறுபடி உயிர் வந்தது. தேனியில் வேலை கேட்டுப் போன இடத்திலெல்லாம், “மறந்த பொண்ணு நீதானம்மா?” என்று கேட்டார்கள். கடைசியில் ஒரு ஜெராக்ஸ் கடையில் சேர்ந்தாள்.

அடுத்த வருடம் அவளைப் பார்க்க அந்தக் கடைக்குப் போயிருந்தேன். கம்ப்யூட்டரைக் காட்டினாள். கம்பெனியில் அந்தப் புரோகிராம் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு மெயிலுக்கும் ஒரு நகல் அவளுக்கும் வரும்; பார்க்கலாம், அமுக்க முடியாது. அதை நிறுத்தத் தெரிந்தவர்கள் அங்கே யாருமில்லை.

இந்த வருடம் முதலாளியிடம் சம்மதம் கேட்டது ஆடி பதினேழு. அவர் சம்மதித்ததும் ஆடி பதினேழு. இடையில் நாலே நிமிஷம்.

“ஆடியிலயும் அமுக்குறாகளேக்கா” என்றாள். அன்றைக்கு விடாத கண்ணீரெல்லாம் அப்போதுதான் வந்தது.