ஈரச் சாக்கும் ஆறு பாட்டில் கடலும்

சகாயநாதனின் தோளில் எப்போதும் ஒரு துண்டு கிடக்கும். வெயிலில் அது அவர் தலைக்கு ஏறி மகன் ரெஜின் ஒருநாளும் பார்த்ததில்லை. சைக்கிளை நிறுத்தினால் துண்டு சீட்டுக்குப் போகும். நாற்றைப் பறித்துச் சிறு கட்டுகளாக, முடி முடியாகக் கட்டி வரப்பில் அடுக்கினால் நாற்றுக்குப் போகும். பள்ளிக்கூட விளையாட்டு விழாவில் மகன் ஓட்டப் பந்தயத்தில் கடைசியாக வந்துகொண்டிருந்தபோது, அது சோற்றுத் தூக்கின் மேல் கிடந்தது. தலை மட்டும் இருபது வருடமாகச் சும்மா காய்ந்தது.

பூதலூர் பக்கத்தில் நாற்றுப் பறிக்கு அவரைத்தான் முதலில் கூப்பிடுவார்கள். அவர் பறித்த நாற்று வாடாது என்று பேர். அதில் பெரிய வித்தை ஒன்றுமில்லை. பறித்த முடிகளை ஈரச் சாக்கால் மூடுவார். டிராக்டர் வரத் தாமதமானால் சாக்கை மறுபடி நனைப்பார். அவ்வளவுதான். ஆனால் அந்த அவ்வளவையும் ஒருநாள்கூடத் தவறாமல் செய்கிறவர் வேறு யாரும் இல்லை.

அந்த வீட்டின் முதல் பட்டதாரி ரெஜின். எம்.எஸ்ஸி. கடல் உயிரியல். கடலே இல்லாத ஊரில் பிறந்தவன் எதற்குக் கடலைப் படிக்கப் போனான் என்று கேட்டால், வேறு பாடத்தில் இடம் கிடைக்கவில்லை என்பதைச் சுற்றிவளைத்து மூன்று நிமிடம் சொல்வான்.

அவன் ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொண்டது கடலில் மிதக்கிற, கண்ணுக்குத் தெரியாத பாசிகளை. அவற்றின் பிழைப்பு தர்மசங்கடமானது. வெயில் இல்லாமல் சாப்பாடு இல்லை. அந்த வெயிலிலேயே அவற்றைக் கொல்லும் புற ஊதாக் கதிரும் இருக்கிறது. ஓடி ஒளிய மரமும் இல்லை, கூரையும் இல்லை. ஆகவே சில பாசிகள் உச்சிவேளையில் ஆழத்துக்கு இறங்கிவிடும். சில, அந்தக் கதிரைத் தான் வாங்கிக்கொண்டு வெறும் சூடாக மாற்றி வெளியே விட்டுவிடுகிற ஒரு பொருளைத் தங்கள் உடம்புக்குள்ளேயே தயாரித்துக்கொள்ளும். அதையும் மீறிக் காயம் பட்டால், அதே வெயிலில் இருக்கும் நீல ஒளியை வைத்தே காயத்தைச் சரிசெய்துகொள்ளும். இதைப் படித்த அன்று ரெஜினுக்குக் கொஞ்சம் வெட்கமாக இருந்தது. அவன் இருபத்து மூன்று வயதில் குடை இல்லாமல் பஸ் ஸ்டாண்டுக்குப் போவதில்லை.

பூம்புகார்ப் பாசி வெயில் பட்டால் அந்தக் காப்புப் பொருளை எவ்வளவு தயாரிக்கிறது என்று அளந்து, ஜூன் பதினைந்துக்குள் ஆய்வேட்டைக் கொடுக்க வேண்டும். கொடுத்தால் பட்டம், கூடவே வழிகாட்டி தஹ்மீனா மேடத்தின் ஆய்வகத்தில் ஒரு வேலை. கொடுக்காவிட்டால் பட்டம் அடுத்த வருடம், வேலை அடுத்தவனுக்கு.

மே மாதம் ஹாஸ்டலைப் பூட்டிவிட்டார்கள். பரிசோதனையை வீட்டிலேயே செய்ய மேடம் அனுமதி கொடுத்தார். புற ஊதாக் கதிர் புகக்கூடிய விசேஷக் கண்ணாடியில் செய்த ஆறு பாட்டில்களைத் துறையிலிருந்து வாங்கி, பூம்புகாரில் படகேறி, வாந்தியெடுத்து, கடல் தண்ணீர் பிடித்து, மயிலாடுதுறையில் ரயிலேறி பூதலூரில் இறங்கினான். கொல்லையில் ஒரு பெரிய தொட்டியில் தண்ணீர் நிரப்பி ஆறையும் மிதக்கவிட்டான். மூன்று பாட்டில்களுக்கு அந்தக் கதிரை மட்டும் தடுக்கிற மெல்லிய தாள் சுற்றினான். மற்ற மூன்றும் வெறுமனே.

"இதுக்குள்ள என்னடா இருக்கு?" என்றார் சகாயநாதன்.

"உயிருப்பா. லட்சக்கணக்குல."

"நாத்து மாதிரியா?"

"கிட்டத்தட்ட அப்படித்தான்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய் ஃபேனைப் போட்டுக்கொண்டான். அறிவியலை எளிய மக்களுக்கு எளிமையாகச் சொல்லிவிட்டதில் அவனுக்குப் பரம திருப்தி. அந்த ஒரு பதில்தான் பின்னால் அவன் காலை வாரியது.

தினமும் காலை பத்துக்கும் மாலை நாலுக்கும் வெளியே வந்து குறித்துக்கொள்வான். இடைப்பட்ட நேரத்தில் வெயிலைப் பற்றி ஃபேனடியில் படிப்பான். நாலு மணிக்குச் சுவரில் ஈரச் சாக்கு ஒன்று காய்ந்துகொண்டிருக்கும். ஏழு நாளும் அதைப் பார்த்தான். ஏழு நாளும் அது ஏன் ஈரமாக இருக்கிறது என்று கேட்கத் தோன்றவில்லை. கூர்ந்து கவனிக்கும் திறன் உண்டு என்று தன்னைப் பற்றி விண்ணப்பத்தில் எழுதியிருந்தவன் அவன்.

ஆய்வகத்தில் அளந்து பார்த்தால் ஆறு பாட்டிலும் ஒன்றுபோல. தாள் சுற்றியதிலும் சுற்றாததிலும் காப்புப் பொருள் சொற்பம். பாசிகளோ உயிரோடு நன்றாக இருந்தன. ரெஜின் இரவெல்லாம் யோசித்து மாபெரும் முடிவுக்கு வந்தான். கருத்தரங்கில் எழுந்து நின்று, "நம் கடற்கரைப் பாசிகள் புற ஊதாக் கதிரைப் பொருட்படுத்துவதே இல்லை" என்று அறிவித்தான். சோழர் காலத்திலிருந்தே பழகிப்போயிருக்கலாம் என்றுகூட ஒரு வரி சேர்த்தான்.

தஹ்மீனா மேடம் வரைபடத்தைப் பார்த்தார். "எங்க வச்சீங்க ரெஜின்?"

"பூதலூர்ல, மேடம்."

"பூதலூர்ல மே மாசம் வெயில் அடிச்சுதா?"

எல்லோரும் சிரித்தார்கள். முன் வரிசையில் யாரோ மேசையைத் தட்டிச் சிரித்தார்கள். திரும்பச் செய்யும்படி மேடம் சொன்னார். இருபது நாள் இருந்தது.

மறுபடி பூம்புகார், மறுபடி வாந்தி, மறுபடி தொட்டி. மூன்றாம் நாள் பன்னிரண்டரைக்குக் கரண்ட் போனது. ஃபேன் நின்றதால் ஆராய்ச்சியாளர் வேறு வழியின்றி வெளியே வந்தார். கொல்லையில் சகாயநாதன் காய்ந்துபோன சாக்கை மறுபடி நனைத்துத் தொட்டியின் மேல் விரித்து, ஓரம் பறக்காமல் செங்கல் வைத்துக்கொண்டிருந்தார். சாக்கு எட்டாத மூலைக்குத் தன் துண்டை விரித்திருந்தார். அவர் தலை வெயிலில் மின்னியது.

"அப்பா! என்ன பண்றீங்க?"

"கத்தாதடா. பாவம், இந்த வெயில்ல கொண்டாந்து போட்டுட்டு நீ பாட்டுக்கு உள்ள போய்ப் படுத்துக்கிறே."

"போன தடவையும் மூடுனீங்களா?"

"மூடாம? பதினோரு மணிக்குப் போட்டு மூணரைக்கு எடுத்துருவேன். ஒண்ணு வாடலையே?"

"வாடணும்ப்பா! வாடுதா, தாங்குதான்னு பாக்குறதுதான் படிப்பே!"

சகாயநாதன் செங்கல்லைக் கீழே வைத்துவிட்டு மகனை ஏற இறங்கப் பார்த்தார். "வாட வைக்கிறதுக்கா ரெண்டு வருசம் படிச்சே? நாத்து மாதிரின்னு நீதானே சொன்னே?"

ரெஜின் விளக்கத் தொடங்கினான்: அவை தாமே காப்பைத் தயாரித்துக்கொள்ளும், வெயில் சுடச்சுடத்தான் தயாரிக்கும், நிழல் போட்டால் தயாரிக்காது.

"அத்தனூண்டு பாசிக்கா அந்த வேலை தெரியும்?"

"தெரியும்ப்பா."

"பாத்துருவோம்" என்றார், நம்பாமல். பிறகு குரலைத் தாழ்த்தி, "நான் வேற பூண்டி மாதாகிட்ட வேண்டிக்கிட்டேன். நீ கொண்டாந்தது ஒண்ணும் வாடாம நீ பாஸாயிட்டா, அடுத்த மே மாசத் திருவிழாவுக்கு உச்சி வெயில்ல நடந்து வந்து மொட்டை போட்டுக்கிறேன்னு" என்றார்.

மிச்சம் பன்னிரண்டு நாள். மூன்றாவது முறை பூம்புகாருக்குப் போனபோது படகுக்காரரே எலுமிச்சம்பழம் கொண்டு வந்திருந்தார். இம்முறை ரெஜின் உள்ளே போகவில்லை. தொட்டிக்குப் பக்கத்தில் குடையோடு உட்கார்ந்தான். புற ஊதாக் கதிரிலிருந்து தன்னையும், சொந்த அப்பாவிடமிருந்து பாசியையும் காக்க வேண்டியிருந்தது. சகாயநாதன் மதியம் வீட்டுக்கு வந்தால் கொல்லைப் பக்கமே பார்க்க மாட்டார். சோற்றைப் பிசைந்துகொண்டு, "இன்னும் இருக்கா?" என்று மட்டும் கேட்பார். நாலாம் நாள் தாள் சுற்றாத ஒரு பாட்டில் வெளுத்துப்போனது. அன்று அவர் சரியாகச் சாப்பிடவில்லை.

மற்றவை தாங்கின. வெறும் பாட்டில்கள் இரண்டிலும் காப்புப் பொருள் தாள் சுற்றியவற்றைப்போல நாலு மடங்கு. மேடம் வரைபடத்தைப் பார்த்து, "இப்ப வெயில் அடிச்சிருக்கு" என்றார். பதினாலாம் தேதி மாலை ஆய்வேடு போய்ச் சேர்ந்தது. பட்டமும் வந்தது, வேலையும் வந்தது.

வேண்டுதல்தான் நிற்கிறது. பாசி தானே தன்னைக் காப்பாற்றிக்கொண்டது, ஆகவே யாருக்கும் பாக்கி இல்லை என்று ரெஜின் வாதாடினான். சகாயநாதன் கேட்கவில்லை. "அதுக்கு அந்தப் புத்தியக் குடுத்தது யாரு? அதுவுமில்லாம ஒண்ணு செத்துப்போச்சு. அதனால முழு மொட்டையா, முக்கால் மொட்டையான்னுதான் குழப்பமா இருக்கு" என்றார். சரி, விடியற்காலையில் போகலாம் என்றான் ரெஜின். உச்சி வெயில் என்று சொல்லியாகிவிட்டது, மாதாவிடம் நேரத்தை மாற்ற முடியாது என்றார் அவர். மூன்று மணி நேர நடை, திரும்பும்போது புது மொட்டைத் தலை, மே மாதம். புற ஊதாக் கதிரில் பட்டம் வாங்கியவன் எப்படிச் சம்மதிப்பான்? முதல் சம்பளத்தில் ஒரு தொப்பி வாங்கிக் கொடுத்தான். அது இப்போது சைக்கிள் சீட்டின் மேல் கிடக்கிறது.

இரண்டு கோடை போய்விட்டது. ஒவ்வொரு மே மாதமும் சண்டை வருகிறது, தீரவில்லை. இதற்கிடையில் சகாயநாதனின் உச்சியில் முடி தானாகவே உதிர்ந்துகொண்டிருக்கிறது. சென்ற வாரம் சீப்பைத் தூக்கி மகனிடம் காட்டினார்.

"பாத்துக்க. போறபோக்குல மாதாவுக்குக் குடுக்க எங்கிட்ட ஒண்ணும் இருக்காது. அப்புறம் நீதான் போடணும்."

ரெஜின் தன் தலையைத் தடவிப் பார்த்துக்கொண்டான். பாக்கி அப்படியே இருக்கிறது.