சேதாரம் சேர்க்காத கணக்கு

சாமளாபுரம் போகும் வழியில் ஒரு சிமென்ட் கல் பட்டறையில், முற்றம் பாவ எத்தனை கல், எவ்வளவு ஜல்லி, எவ்வளவு எம்-சாண்ட் என்று கணக்குப் போடுவது என் வேலை. போன வருஷம் ஒரு பனியன் கம்பெனி முற்றத்தை அளந்து வரச் சொன்னார்கள். நான் ஏழு வருஷம் துணி ஸ்டோர் பார்த்த கம்பெனி அது. அதன் கேட்டில் வைத்துத்தான் முதலாளி என் டிபன் பையைத் தலைகீழாகக் கொட்டினார்.

அன்று ஒரு ஆர்டருக்குத் துணி பற்றவில்லை. ஓரமும் முனையும் வெட்டில் போகும், சேர்த்து வாங்குங்கள் என்று முன்பே சொல்லியிருந்தேன். கேட்கவில்லை. வெட்டிய துண்டுகளை நிறுத்துப் பார்க்கலாம் என்றேன்; அவை அதற்குள் வேஸ்ட் குடோனுக்குப் போய்விட்டன. "சேதாரம்ங்கறது திருட்டுக்கு வெச்ச பேரு அம்மிணி" என்றார், ஷிப்ட் முடிந்து வந்த அத்தனை பேர் முன்னாலும். பையில் இருந்தது ஒரு டப்பாவும் கர்ச்சீப்பும்தான். ஆனால் மண்ணரையில் எங்கள் தெருவுக்கு எனக்கு முன்னாலேயே அந்தப் பேச்சு போய்விட்டது.

அளக்கப் போனபோது அவர் கொஞ்சமும் கூசாமல், "நல்லாருக்கீங்களா அம்மிணி?" என்றார். துணி வாங்கும் வெளிநாட்டுக்காரர்கள் வரப்போகிறார்களாம். முற்றம் முழுக்கச் சிவப்புக் கல்லை மூலைவாட்டமாகப் பதிக்க வேண்டுமாம். அப்படிப் பதித்தால் ஓரத்துக் கல் ஒவ்வொன்றையும் வெட்ட வேண்டும். நூற்றுக்குப் பத்து கூட்டி எழுதினேன். அவர் டேப்பை வாங்கி, நீளத்தையும் அகலத்தையும் தானே பெருக்கி, என் எண்ணை அடித்தார்.

"சதுர அடிக்கு உண்டானது போதுங்க. சேதாரம்ங்கறது திருட்டுக்கு வெச்ச பேரு அம்மிணி."

அதே வாக்கியம். ஒரு சொல்கூட மாறவில்லை. எடுத்துச் சொல்லியிருக்கலாம்; ஆனால் "சரிங்க" என்று மட்டும் சொல்லி அந்த எண்ணுக்கே கையெழுத்து வாங்கினேன். ஒரு தடவை வார்த்த லாட்டின் சிவப்பு அடுத்த லாட்டில் அப்படியே வராது. குறையப்போகும் கல்லை அதே லாட்டிலிருந்து எடுத்துப் பட்டறையில் தார்ப்பாய் போட்டு மூடி வைத்தேன். பதிக்கும் ஆட்களிடம், வெட்டுத் துண்டு ஒன்றையும் வீசாமல் சாக்கில் கட்டி வைக்கச் சொன்னேன்.

நினைத்தபடியே, பதித்துக்கொண்டு வந்தவர்கள் கேட்டை எட்டும் முன்னாலேயே கல் தீர்ந்தது. என்னைக் கூப்பிட்டார்கள். நான் போனபோது முதலாளி பதிக்கும் ஆட்களின் வண்டிக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். "கல்லு எங்கீங்க போச்சு?" என்றார். டீ நேரம், தையல்காரர்கள் எல்லோரும் வெளியே நின்றார்கள். சாக்குகளை ஒவ்வொன்றாக அவிழ்த்து அவர் காலடியில் கொட்டினேன்.

"கொட்டிப் பாக்கறது உங்க வழக்கந்தானுங்களே. பாத்துக்குங்க."

எனக்கு அவ்வளவு இனித்தது. மறைக்க என்ன இருக்கிறது?

என்னை ஆபீஸ் அறைக்குள் கூட்டிப் போய்க் கண்ணாடிக் கதவைச் சாத்தினார். "அன்னைக்குத் தப்பாப் பேசிட்டனுங்க. மனசுல வெச்சுக்காதீங்க. அதே லாட்டுல கல்லு இருக்குதுங்களா?" சட்டைக்கு ஒரு லாட் துணி, அதன் கைக்கு வேறு லாட் துணி என்று தைத்துவிட்டால் என்ன ஆகும் என்று அவருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

"இருக்குதுங்க. இப்பச் சொன்னத வெளிய வந்து எல்லாரு முன்னாலயும் சொல்லுங்க. மத்தியானமே ஏத்தி அனுப்பறேன்."

கண்ணாடி வழியாகத் தையல்காரர்களைப் பார்த்தார்.

"அது எப்புடீங்க முடியும்?"

அடுத்த லாட்டிலிருந்து அனுப்பினேன். கேட்டுக்குள் நுழைந்ததும் ஒரு கார் அகலத்துக்குப் பீட்ரூட் நிறத்தில் திட்டாகத் தெரியும். பல்லடம் பஸ்ஸில் போகும்போதெல்லாம் அதைப் பார்க்கவே ஜன்னல் சீட் பிடிக்கிறேன். தார்ப்பாய்க்குள் இருந்த கல்லை விலைக்கு வாங்கி எங்கள் வாசலில் பதித்துவிட்டேன். அதன் பில் பீரோவில் இருக்கிறது. தெருவில் யார் கேட்டாலும் எடுத்துக் காட்டுவேன். இதுவரை யாரும் கேட்கவில்லை.